வீட்டில் கட்டிய குட்டி விமானத்தில் இன்ஜின் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த இன்ஜினைப் பற்றிய பக்கம் இது?

ரோடாக்ஸ் 912 யுஎல்எஸ். ஆஸ்திரியாவில் செய்யும் நாலு சிலிண்டர் இன்ஜின், 100 குதிரைத்திறன், சிலிண்டர் ஹெட்டுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி, சிலிண்டருக்குக் காற்றுக் குளிர்ச்சி, இரண்டு பிங் கார்புரேட்டர், தனித்தனியாக இரண்டு இக்னிஷன். அமெரிக்காவில் கிட் (பாகங்களின் தொகுப்பு) வாங்கி கராஜிலும் ஹேங்கரிலும் விமானம் கட்டுகிறவர்களில் நிறையப் பேர் இதைத்தான் மாட்டுகிறார்கள். நான் பறப்பதும் இந்த இன்ஜின் மாட்டிய ஒரு ஜெனித் சிஎச் 750தான், மேலே இறக்கை வைத்த இரண்டு சீட் விமானம். லைகாமிங் கம்பெனி இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் ஃபோக்ஸ்வாகன் கார் இன்ஜினை மாற்றி மாட்டியவர்களுக்கும் கீழே உள்ள எண்கள் பொருந்தாது, ஆனால் தேடுகிற முறை பொருந்தும். 912 வைத்திருப்பவர்களும் எண்களை உங்கள் சீரியல் நம்பருக்கு உரிய கையேட்டோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள், ஏனென்றால் சில வரம்புகள் காலப்போக்கில் மாறியிருக்கின்றன.

ஏதோ சரியில்லை என்று படுகிறது. எங்கே கை வைப்பது?

முதலில் எங்கும் கை வைக்காதீர்கள். நோட்டை எடுத்து நடந்ததை எழுதுங்கள். எத்தனை ஆர்பிஎம்மில் வந்தது, ஓட ஆரம்பித்து எத்தனை நிமிடம் கழித்து, எந்த டேங்கில் ஓடிக்கொண்டிருந்தது, பூஸ்ட் பம்ப் (பெட்ரோல் தள்ளும் கூடுதல் மின் பம்ப்) ஆனில் இருந்ததா, வெயில் எப்படி, கடைசியாக எந்த நட்டைக் கழற்றினீர்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் பாதி நேரம் விடையைக் காட்டிக்கொடுக்கும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இன்ஜின் இன்று அடம்பிடிக்கிறது என்றால் நேற்று நீங்கள் தொட்ட இடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

அப்புறம், இன்ஜினைச் சந்தேகப்படுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இன்ஜின் தொழிற்சாலையில் ஓடவிட்டுச் சோதித்துப் பெட்டியில் வந்தது. அதைச் சுற்றி இருக்கிற பெட்ரோல் ஹோஸ், வயர், ஆயில் குழாய், ரேடியேட்டர், காற்று போகும் வழி, த்ராட்டில் கேபிள் இவை எல்லாம் நாம் வெட்டி, வளைத்து, கிளாம்ப் போட்டு மாட்டியவை. ஒவ்வொரு விமானத்திலும் அது ஒவ்வொரு மாதிரி. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் இந்த வகை விமானங்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டது. விபத்துகளில் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாக இருந்தவை இரண்டு: இன்ஜின் பக்கத்துக் கோளாறு, பறக்கும்போது கட்டுப்பாடு தவறுவது. முதல் பறப்புக்கு முன்பே எரிபொருள் அமைப்பை ஓட்டிச் சோதித்து எழுதி வைக்கச் சொல்ல வேண்டும் என்றும் அதில் பரிந்துரைத்தார்கள். அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன், காரணம் கீழே வருகிறது.

ஒரே ஒரு கட்டாயம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், ஃபில்டர், ஹோஸ் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு இன்ஜின் சரியானால் எது குற்றவாளி என்று உங்களுக்குத் தெரியாது, அது திரும்பி வரும்போது நீங்கள் ஆயிரம் அடி உயரத்தில் இருப்பீர்கள்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை.

சோக் போட்டிருக்கிறீர்களா, அப்படியென்றால் த்ராட்டில் முழுக்க மூடியிருக்கிறதா? இந்த கார்புரேட்டரில் சோக் என்று நாம் சொல்வது தனியாக ஒரு சின்ன ஸ்டார்ட்டிங் பாதை. த்ராட்டில் கொஞ்சம் திறந்திருந்தாலும் அந்தப் பாதையில் உறிஞ்சும் விசை குறைந்து பெட்ரோல் வராது. குளிர்ந்த இன்ஜினில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பழகிய கார் புத்தி இங்கே உதவாது.

அடுத்தது பேட்டரி. சுற்றுகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைப்போம். இந்த இக்னிஷனுக்குப் பொறி வர கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 220 சுற்றாவது சுற்ற வேண்டும். பேட்டரி தளர்ந்து மெதுவாகச் சுற்றினால் பொறியே வராது, அல்லது அரைகுறையாக வந்து இன்ஜின் பின்னோக்கி உதைக்கும். அந்த உதை நேராக, இன்ஜினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவில் உள்ள கியர் பாக்ஸில் போய் விழுகிறது. அதனால் "இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை" என்று பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள்.

பட்டனை அமுக்கினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பேட்டரி முனை, ஸ்டார்ட்டர் ரிலே, இன்ஜினிலிருந்து விமான உடலுக்குப் போகும் எர்த் பட்டை. இந்த வரிசையில் பாருங்கள். எர்த் பட்டை இன்ஜின் மவுண்ட்டில் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் கேஸை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சுரண்டி, பளபளப்பாக்கி, இறுக்கினால் சரி.

ஐடிலில் விமானமே ஆடுகிறது, வேகம் ஏற்றினால் சரியாகிவிடுகிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் இரண்டு கார்புரேட்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து இரண்டு சிலிண்டரைக் கவனிக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் முன்னால் திறந்தால் அந்தப் பக்கம் தள்ளும், இந்தப் பக்கம் இழுக்கும், நடுவில் கியர் பாக்ஸ் அடி வாங்கும்.

சரிசெய்வது இரண்டு கட்டம். முதலில் கண்ணால்: கவ்லிங்கை (இன்ஜினை மூடும் உறை) கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை மெல்ல நகர்த்த, நீங்கள் இரண்டு பக்கத்து கார்புரேட்டரிலும் கேபிள் இழுக்கும் த்ராட்டில் கையும் ஒரே நொடியில் ஐடில் ஸ்க்ரூவை விட்டுக் கிளம்புகின்றனவா, ஒரே நொடியில் முழுத் திறப்பைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு மெல்லிய தாளை ஸ்க்ரூவுக்கும் கைக்கும் இடையில் வைத்துப் பிடித்தால் எந்தப் பக்கம் முதலில் விடுகிறது என்று விரலுக்கே தெரியும். அதன்பிறகு வாக்யூம் கேஜ். இரண்டு பக்கத்து இன்டேக்கையும் இணைக்கும் ஒரு குழாய் உண்டு, அதைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பக்கமும் ஒரு கேஜ் மாட்ட வேண்டும். குழாயை அப்படியே விட்டுவிட்டு அளந்தால் அது இரண்டு பக்கத்தையும் சமப்படுத்திக் காட்டி உங்களை ஏமாற்றும். ஐடிலில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம் பக்கத்தில் ஒருமுறை ஊசிகள் ஒன்றாக நிற்க வேண்டும்.

வாலைக் கட்டிப் போட்டு, சக்கரத்துக்கு முட்டு வைத்து, உள்ளே பிரேக்கில் ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். ஓடுகிற ப்ரொப்பெல்லருக்கு ஒரு கை தூரத்தில் ஸ்பேனரோடு நிற்கிறீர்கள். தொங்கும் சட்டை, கழுத்துப் பட்டை எதுவும் வேண்டாம்.

ஐடிலையும் 1400க்குக் கீழே இறக்காதீர்கள். மெதுவாக ஓடுவது இன்ஜினுக்கு ஓய்வு என்று நினைக்கிறோம், ஆனால் அந்த வேகத்தில் ஒவ்வொரு சிலிண்டரின் தள்ளலும் தனித்தனியாக கியரின் பல்லில் இடிக்கிறது. கூடவே கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பர் ஃபிளாஞ்சை வளைத்துப் பார்த்து விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் விரிசல் விட்டால் அந்தப் பக்கம் காற்று உறிஞ்சும், எவ்வளவு டியூன் செய்தாலும் நிற்காது.

ரன்-அப்பில் (கிளம்பும் முன் தரையில் செய்யும் சோதனை ஓட்டம்) ஓர் இக்னிஷனை அணைத்தால் ஆர்பிஎம் அதிகமாக விழுகிறது.

4000 ஆர்பிஎம்மில் சோதிக்கும்போது ஒரு பக்கம் 300க்கு மேல் விழக்கூடாது, இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 115க்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிளக், ஒன்று ஏ சர்க்யூட், இன்னொன்று பி. எவ்வளவு விழுகிறது என்பதே பாதி விடை. கொஞ்சம் கூடுதலாக விழுந்து இன்ஜின் கரகரத்தால் ஒன்றிரண்டு பிளக் மிஸ் ஆகிறது. அணைத்ததும் இன்ஜின் அப்படியே செத்துவிட்டால், மீதியிருக்கும் சர்க்யூட் முழுவதும் வேலை செய்யவில்லை.

பிளக்குகளைக் கழற்றி ஒரு பழைய செய்தித்தாளின் மேல் சிலிண்டர் நம்பர் எழுதி வரிசையாக வையுங்கள். எட்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கும்போதுதான் கதை தெரியும். வெளிர் பழுப்பு நல்லது. கரி படிந்து கறுப்பாக, ஈரமாக இருந்தால் அந்தப் பக்கம் பெட்ரோல் அதிகம். ஒரு பக்கத்து நான்கும் கறுப்பு, மறுபக்கத்து நான்கும் பழுப்பு என்றால் பிளக்கில் கோளாறு இல்லை, அந்தப் பக்கத்து கார்புரேட்டரைப் பாருங்கள். இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பிளக் தொப்பிகளையும் கையால் திருகிப் பாருங்கள், வயரில் தளர்ந்து உட்கார்ந்திருப்பது சகஜம்.

பிளக் எல்லாம் சரி, ஆனாலும் ஒரு சர்க்யூட் தகராறு என்றால் இக்னிஷன் மாட்யூல்கள் இரண்டின் கனெக்டர்களையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் இடம் மாறினால் மாட்யூல்தான். மாறவில்லை என்றால் வயரிங், சுவிட்ச், அல்லது பிக்-அப் காயில். சூடானால் மட்டும் வரும் கோளாறு என்றால் சூட்டோடு சோதிக்க வேண்டும், ஆறியபின் சோதித்தால் எல்லாம் நன்றாகவே காட்டும்.

சாவியை ஆஃப் செய்தும் இன்ஜின் ஓடுகிறது.

இக்னிஷனை நிறுத்துவது என்றால் அந்த வயரை எர்த்தில் சேர்ப்பது. வயர் அறுந்தால் எர்த் ஆகாது, அதாவது எப்போதும் ஆனில் இருக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றும்போது பிடித்துக்கொள்ளலாம். சரிசெய்யும்வரை ப்ரொப்பெல்லரில் எழுதித் தொங்கவிடுங்கள், பிள்ளைகளை ஹேங்கருக்குள் விடாதீர்கள்.

ஏறும்போது தடுமாறுகிறது, த்ராட்டிலைக் குறைத்தால் சரியாகிறது, தரையில் ஒன்றுமே இல்லை.

இது எனக்கு நடந்தது. விமானம் முடிந்த முதல் கோடைக்காலம். ஓடுபாதையை விட்டுக் கிளம்பி 600 அடி இருக்கும், முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது இன்ஜின் இரண்டு மூன்று முறை விக்கியது. லீவரைக் கொஞ்சம் இழுத்ததும் சீரானது. வட்டமடித்து இறங்கிவிட்டேன். தரையில் கட்டிப்போட்டு முழு த்ராட்டில் கொடுத்தால் கணீரென்று ஓடுகிறது. பிளக் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன், டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பார்த்தேன். மறுபடி மேலே போனால் மறுபடி விக்கல்.

மூன்றாவது முறை இறங்கிய பிறகுதான் இடது கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினேன். கம்பிக் கிளிப்பைத் தள்ளினால் கையோடு வந்துவிடும், ஐந்து நிமிட வேலை. அடியில் கொஞ்சம் பெட்ரோல், அதில் கறுப்பாக, எள்ளில் பாதி அளவுக்கு ஒரு துணுக்கு. எடுத்து நகத்தில் வைத்துத் தேய்த்தால் மை போல இழுபட்டது. ரப்பர். ஃபில்டரைத் தாண்டி வந்த ரப்பர் என்றால் ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் நான் மாட்டிய ஹோஸிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த ஹோஸ்கள் எல்லாவற்றையும் கழற்றி நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். ஒன்றில், உலோகக் குழாயின் பல் விளிம்பு உள்சுவரைச் சுரண்டி, சின்ன நாக்கு மாதிரி ஒரு தோல் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வேகமாக ஓடும்போது அதன் நுனி கிள்ளிக்கொண்டு போய், அதிக வேகத்தில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான மெயின் ஜெட்டின் வாயில் உட்கார்ந்திருக்கிறது. லீவரைக் குறைத்ததும் மெயின் ஜெட்டின் பங்கு குறையும், விக்கல் நிற்கும்.

அதிலிருந்து நான் ஹோஸ் மாட்டும் விதமே மாறிவிட்டது. புது பிளேடால் நேராக ஒரே வெட்டு, ரம்பம் கிடையாது. குழாய் முனையில் ஒரு சொட்டு ஆயில் தடவி, திருகாமல் நேராகத் தள்ளுவது. மாட்டிய பிறகு ஒருமுறை கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்ப்பது. பிறகு பெட்ரோலை ஓடவிட்டு வெள்ளைத் துணியில் வடிகட்டுவது. ரப்பர் ஹோஸ்களை 5 வருடத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட வேண்டும், பார்க்கப் புதிதாக இருந்தாலும்.

பெட்ரோல் போதுமான அளவு வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்து பார்க்க வேண்டும், ஊகிக்கக்கூடாது. இந்த இன்ஜின் டேக்-ஆஃபில் மணிக்குச் சுமார் 27 லிட்டர் குடிக்கும். அமெரிக்க விமானத்துறை நிர்வாகத்தின் சோதனைப் பறப்புக் கையேடு சொல்வது, பம்ப் வைத்த அமைப்பில் அதற்கு 125 சதவீதமும், புவியீர்ப்பில் மட்டும் இறங்குவதில் 150 சதவீதமும் வர வேண்டும். அதாவது பம்ப் என்றால் நிமிடத்துக்கு 560 மில்லி, புவியீர்ப்பு என்றால் 675 மில்லி.

விமானத்தின் மூக்கை நீங்கள் ஏறும் அதிகபட்சக் கோணத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள், டேங்கில் கொஞ்சமே பெட்ரோல் விடுங்கள், கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அளவு போட்ட பாத்திரத்தில் விட்டு கடிகாரத்தைப் பாருங்கள். தரைமட்டத்தில் நிறைய வருகிற பெட்ரோல் மூக்கு தூக்கியதும் குறைந்தால் விடை கிடைத்துவிட்டது. ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். வெட்டவெளியில், விமானத்தை எர்த் செய்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

குறைவாக வந்தால் பின்னோக்கிப் போங்கள்: ஃபில்டர், வால்வ், டேங்க் வாயில் உள்ள சல்லடை, கடைசியாக டேங்கின் காற்றுத் துளை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்தத் துளைக்குள் குளவி மண்ணால் கூடு கட்டிவிடும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, துளை அடைபட்ட டேங்கில் காற்று புகாமல் பெட்ரோல் மெல்ல மெல்ல இறங்குவதை நிறுத்தும். ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் வாயால் ஊதிப் பார்ப்பவர்களை நான் அறிவேன், நானும் ஊதுகிறேன்.

வெயிலில் ஓட்டி இறங்கி, இருபது நிமிடம் கழித்து மறுபடி கிளப்பினால் திணறுகிறது.

வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் ஆவி வழியை அடைத்துக்கொள்வது. இன்ஜினை அணைத்ததும் காற்று நின்றுவிடும், கவ்லிங்குக்குள் சூடு ஏறும், ஹோஸிலும் பம்ப்பிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகும். கார் பெட்ரோல் ஊற்றுகிறவர்களுக்கு வசந்த காலத்தின் முதல் வெயில் நாள்தான் ஆபத்து, ஏனென்றால் டேங்கில் இருப்பது இன்னும் எளிதில் ஆவியாகும் குளிர்காலக் கலவை.

டேங்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைன் இருக்க வேண்டும், ஆவி அதன் வழியே வெளியேறும். அதை விட்டுவிட்டுக் கட்டியவர்கள் இன்றே போடுங்கள். ஹோஸ்களுக்குத் தீத்தடுப்பு உறை, எக்ஸாஸ்ட்டிலிருந்து தூரம். நிறுத்தும்போது மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, ஆயில் பார்க்கும் சின்னக் கதவைத் திறந்து வையுங்கள். கிளப்பும் முன் பூஸ்ட் பம்ப்பை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். எரிபொருள் அழுத்தம் 0.15 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே போகக்கூடாது. ஊசி துள்ளிக்கொண்டிருந்தால் நின்று கவனியுங்கள், ஓடுபாதைக்குப் போகாதீர்கள்.

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது, ஒரு பக்கத்து பிளக் கறுப்பு.

மிதவை. கிண்ணத்தில் இரண்டு மிதவைகள் உண்டு. சில மிதவைகள் நாளாவட்டத்தில் பெட்ரோலை உறிஞ்சிக் கனமாகிவிடுகின்றன, கனமானால் தாழ்ந்து மிதக்கும், ஊசி வால்வ் மூடாது. கிண்ணத்தின் இரண்டு மிதவைகளையும் சேர்த்து நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசில் வையுங்கள், 7 கிராமுக்கு மேல் போனால் மாற்றுங்கள். ஊசியின் நுனியில் தூசு இருந்தாலும் இதேதான் நடக்கும், அதையும் பாருங்கள்.

குளிர்ந்த நாளில் இறங்கும்போது ஆர்பிஎம் தானாகக் குறைகிறது.

கார்புரேட்டரில் ஐஸ் கட்டியிருக்கலாம். குளிர்ந்த நாள் என்று மட்டும் இல்லை, 20 டிகிரி செல்சியஸில், ஈரப்பதம் நிறைந்த மேகமூட்டத்தில், த்ராட்டில் குறைத்த நிலையில் நன்றாகவே கட்டும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்கிறது, அதுதான் காரணம். இறங்கி ஹேங்கருக்கு வந்து கவ்லிங்கைத் திறப்பதற்குள் உருகிவிடும், சாட்சி இருக்காது. மற்ற எதுவும் அகப்படவில்லை, அன்று காற்று ஈரமாக இருந்தது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். சூடு கொடுக்கும் ஏற்பாடு இல்லையென்றால் அதைப் போடுங்கள்.

ஆயில் அழுத்தம் குறைகிறது. உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். முதலில் ஆயில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது? இதன் ஆயில் தனி டேங்கில் இருக்கிறது. இன்ஜினுக்குள் வடிந்த ஆயிலை டேங்குக்குத் திருப்பி அனுப்பத் தனி பம்ப் கிடையாது, பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயுவின் அழுத்தமே தள்ளிவிடும். அதனால் குச்சியை எடுத்துப் பார்க்கும் முன் இக்னிஷனை அணைத்துவிட்டு, ப்ரொப்பெல்லரை அது சுற்றும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும், டேங்கில் "களக் களக்" என்று சத்தம் கேட்கும்வரை. எதிர்த்திசையில் சுற்றினால் ஆயில் பாதைக்குள் காற்று போய்விடும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள அளவு 0.45 லிட்டர்தான், அதனால் சுற்றாமல் பார்த்துவிட்டு ஊற்றினால் எளிதில் தப்பாகிவிடும்.

அளவு சரியென்றால், சென்சாரை நம்பாமல் ஒரு நேரடி கேஜை மாட்டிப் பாருங்கள். நான் பார்த்த "அழுத்தக் குறைவு" கேஸ்களில் நிறைய, சென்சாரிலோ அதன் எர்த்திலோ முடிந்திருக்கின்றன. 3500 ஆர்பிஎம்முக்கு மேல் 2 முதல் 5 பார், அதற்குக் கீழே குறைந்தது 0.8 பார். நேரடி கேஜும் குறைவாகக் காட்டினால் பம்ப்புக்கு முன்னால் உள்ள பாதையைப் பாருங்கள். ஆயில் டேங்கிலிருந்து கூலர் வழியாக பம்ப் உறிஞ்சுகிறது. நீளமான, மெல்லிய, மடிந்த ஹோஸ் இருந்தால் உறிஞ்ச முடியாது. ஒரு கிளாம்ப் தளர்ந்தால் ஆயில் கசியாமலேயே காற்று உள்ளே போகும்.

பெரிய அழுத்தக் குறைவு உண்மை என்று தெரிந்தால் அன்றோடு பறப்பு நிற்கிறது.

ஆயில் சூடு எவ்வளவு இருக்க வேண்டும்?

50 டிகிரி வரும்வரை டேக்-ஆஃப் கூடாது, 130க்கு மேல் போகக்கூடாது, 90 முதல் 110க்குள் ஓடுவது நல்லது. அதிகச் சூட்டைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறோம், குறைந்த சூட்டை யாரும் கவனிப்பதில்லை. எப்போதும் 70, 75லேயே ஓடினால் ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கித் துரு பிடிக்கும். குளிர்காலத்தில் கூலரின் ஒரு பகுதியை டேப் ஒட்டி மறைப்பது எளிய வழி.

சூடு ஏறினால் பெரிய ரேடியேட்டர் வாங்க ஓடாதீர்கள். உள்ளே வந்த காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க ஓட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பின்னால் வழி குறுகலாக இருந்தால் காற்று உள்ளேயே தேங்கும். ரேடியேட்டரைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியாகத்தான் போகும், ரேடியேட்டருக்குள் போகாது. கூலன்ட் அளவும் மூடியின் ரப்பரும் அதற்கு முன்னால்.

காந்த பிளக்கில் (ஆயிலில் வரும் இரும்பைப் பிடிக்கும் காந்தம்) இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறது.

மெல்லிய மாவு மாதிரி, 3 மில்லிமீட்டருக்குள் என்றால் துடைத்துவிட்டு எழுதி வையுங்கள், புது இன்ஜினில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். செதில் செதிலாக, விரலில் குத்தும் துண்டாக இருந்தால் ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள், அடுத்த போன் ரோடாக்ஸ் பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்கு. ஈயம் கலந்த விமான பெட்ரோல் அதிகம் ஊற்றுகிறவர்கள் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள், ஈயம் ஆயில் டேங்கின் அடியில் சேறாகப் படியும்.

மேலே இருக்கும்போது நடந்தால்?

விமானத்தை ஓட்டுவதுதான் முதல் வேலை. மூக்கை இறக்கி வேகத்தைக் காப்பாற்றுங்கள். ஜெனித் மாதிரி குட்டை இறக்கை விமானம் இன்ஜின் போனதும் சட்டென்று வேகம் இழக்கும். உயரம் இருந்தால் பூஸ்ட் பம்ப், மறு டேங்க், கார்புரேட்டர் சூடு, இரண்டு இக்னிஷனும் ஆனா என்று கை போகட்டும். கிளம்பிய உடனே என்றால் ஓடுபாதைக்குத் திரும்பப் பார்க்காதீர்கள், நேராக முன்னால் உள்ள இடத்தில் இறங்குங்கள். எத்தனை அடிக்குக் கீழே திரும்ப மாட்டேன் என்பதைத் தரையிலேயே முடிவு செய்து, கிளம்பும் முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

த்ராட்டில் கேபிள் அறுந்தால் இந்த கார்புரேட்டரில் ஸ்பிரிங் முழுத் திறப்புக்கு இழுத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அறுந்தால் ஒன்று முழு வேகம், மற்றது ஐடில், விமானம் பயங்கரமாக உதறும். மற்றதையும் முழுக்கத் திறந்தால் உதறல் அடங்கும். விமான நிலையத்தின் மேலே வந்து, உயரத்தோடு, இக்னிஷனை அணைத்து மிதந்து இறங்கலாம்.

இதையெல்லாம் நானே செய்யலாமா?

அமெரிக்கச் சட்டப்படி செய்யலாம். சொந்தமாகக் கட்டிய சோதனை வகை விமானத்தில் பழுது பார்க்க லைசென்ஸ் தேவையில்லை. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் நிலைச் சோதனையில் கையெழுத்துப் போட மட்டும் தகுதி வேண்டும், அந்த விமானத்தைக் கட்டியவருக்கான ரிப்பேர்மேன் சான்றிதழ், லைசென்ஸ் பெற்ற மெக்கானிக் என்பது மாதிரி. இன்னொருவர் கட்டியதை வாங்கியவருக்கு, கட்டியவருக்கான அந்தச் சான்றிதழ் கிடைக்காது. விமானம் கட்டுகிறவர்களுக்காக 1953இல் தொடங்கிய இஏஏ சங்கத்தில் டெக்னிக்கல் கவுன்சிலர்கள் என்று தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், உங்கள் ஹேங்கருக்கே வந்து பார்ப்பார்கள். நாம் மாட்டியது நம் கண்ணுக்கு எப்போதும் சரியாகவே தெரியும், அதனால் கூப்பிடுங்கள்.

சரிசெய்துவிட்டேன். இனி எப்படிப் பறப்பது?

கவ்லிங் இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி, அணைத்து, டார்ச் அடித்துக் கசிவு பாருங்கள். கவ்லிங் போட்டு, வாலைக் கட்டி, முழு வேகத்தில் இரண்டு நிமிடம், சூடு எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். ஓடுபாதையில் பாதி தூரம் ஓடி நிறுத்தி, திரும்பி வந்து மறுபடி கசிவு பாருங்கள். அப்புறம் தனியாக, நண்பரையோ குழந்தையையோ ஏற்றாமல், காற்று அமைதியான காலையில் கிளம்பி விமான நிலையத்துக்கு நேர் மேலே வட்டமடித்து ஏறி, இன்ஜின் நின்றாலும் ஓடுபாதைக்கு மிதந்து வரக்கூடிய உயரத்திலேயே அரை மணி நேரம் இருங்கள். இறங்கியதும் கவ்லிங்கை மறுபடி கழற்றி, நீங்கள் கை வைத்த ஒவ்வொரு கிளாம்ப்பையும் தொட்டுப் பாருங்கள்.